துக்க வீட்டிற்கு ஏற்ற உடை

1978-இல் ஒசூர் சாலையில் தோன்றிய எலெக்ட்ரானிக் சிட்டியில் தமிழர் பலர் பணிபுரிகின்றனர். உடன் பணிபுரிபவர் இல்லத்தில் சாவு என்னும் செய்தி அலுவல் நேரத்தில் வந்தால், "இவ்வண்ணச் சட்டையோடு போகலாமா?" என்னும் ஐயம் நமக்கு எழுகின்றது.

ஊரில் இவ்வையம் இல்லை. வெள்ளை வேட்டி, தோளினின்று இறக்கி இடையில் கட்டிய துண்டு. நெருங்கிய உறவினர் கையில் கோடித் துணி. கறுப்பு நம்மவர் துக்க நிறமன்று. 1861-இல் கணவரை இழந்த விக்டோரியா அரசியார் 1901-இல் மறையும்வரை கறுப்பே உடுத்தினார்; மேனாட்டில் அவ்வழக்கு அதனால் வலுப்பெற்றது. கிறித்தவ அன்பர் இல்லத்திற்கு வெள்ளையும் பொருந்தும், கறுப்பும் பொருந்தும். முஸ்லிம் அன்பர் இல்லமாயின் தலையை மூட ஒரு கைக்குட்டை போதும்.

உடை மாற்றவென்று வீடு திரும்புதலை நாம் ஒப்புவதில்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் இடுக. சூடிய பூவையும் பகட்டான நகையையும் அகற்றுக. (நறுமணத் தைலம் காலையிலேயே பூசியாயிற்றெனில் என் செய்வது!) நீலச் சட்டையாயினும் குற்றமில்லை. உடலை ஊருக்குக் கொண்டுசெல்லும் ஊர்தி பல வீடுகளில் வாயிலிலேயே காத்து நிற்கும். அது அத்திப்பள்ளி எல்லையைக் கடந்துவிட்டால், பின்னர் முகம் காண இயலாது.