பட்டிப்பொலவில் ஒரு பகல்

இலங்கையின் மலைநாட்டிலே, நானு ஓயாவுக்கும் ஓகியாவுக்கும் இடையில், பட்டிப்பொல என்றொரு சிற்றூர் உண்டு. அந்நாட்டு இருப்புப்பாதையில் யாவற்றினும் உயரமான நிலையம் அதுவே. கடல் மட்டத்திற்கு மேல் 6,226 அடி. உதகமண்டலத்து நிலையம் இதனினும் ஏறத்தாழ ஆயிரம் அடி உயர்ந்தது என்பதை நேயர்கள் அறிவர். ஆயினும் உதகை வண்டி மீட்டர் பாதையிலே, கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தின் பிடியோடு ஏறுவது. பட்டிப்பொலவுக்கோ ஐந்தரை அடி அகலப் பாதையில், பல்சக்கரத்தின் துணையின்றியே பெருவண்டி வந்து சேர்கின்றது.

2018ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், பள்ளி விடுமுறையின்போது, நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து ஒரு குடும்பம் இவ்வூருக்கு வந்தது. மகன், மருமகள், பேரன், பேத்தி, இவர்களோடு அறுபத்து மூன்று வயதான அம்மாயி. நால்வருக்கு அது வெளிநாட்டுப் பயணம். அம்மாயிக்கு அதை என்னவென்று சொல்வது? அட்டனை அடுத்த ஒரு தோட்டத்து லயத்திலே பிறந்தவர் அவர். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. அவர்களுள் ஒருத்தியாக 1973இல், பதினெட்டு வயதில், தலைமன்னாரில் கப்பலேறினார். அவ்வாறு வந்தோருக்கென்று தமிழக அரசு 1968 முதல் நீலகிரியில் வளர்த்த தேயிலைத் தோட்டங்களிலேயே பின்னர்க் கொழுந்து பறித்து வாழ்ந்தார்.

விடியுமுன் நுவரெலியாவிலிருந்து புறப்பட்டவர்கள் பட்டிப்பொலவில் ஒரு தேநீர்க் கடையின் முன் இறங்கினர். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ பிசைந்து சுட்ட கனத்த ரொட்டி. அதன்மேல் மிளகாயும் வெங்காயமும் மாசியும் இடித்த சம்பல். மாசி என்பது வேகவைத்துப் புகையூட்டிக் கல்போல உலர்த்திய சூரை மீன். பேரன் முகர்ந்து பார்த்தான். இது மீனா, மரத்தூளா என்று கேட்டான். துணிந்து ஒரு வாய் உண்டபின் கண்ணில் நீர் வழிய இரண்டாவது ரொட்டிக்குக் கை நீட்டினான். கடைக்காரப் பெண்மணி சிங்களவர். அவரை நோக்கி அம்மாயி, "ரசய்" என்றார். சுவையாக இருக்கிறது என்பது பொருள். பேத்தியோ, "அம்மாயி, காலையிலேயே ரசம் கேட்கிறீர்களா?" என்றாள். நாற்பத்தைந்து ஆண்டுகளாக நாவில் ஏறாத சொல் அது.

அங்கிருந்து ஓட்டன் சமவெளி. 1830களில் ஆளுநராயிருந்த வில்மட் ஓட்டனின் பெயரைத் தாங்கிய அந்தப் புல்வெளி 1988 முதல் தேசியப் பூங்கா. வாயிலில் பைகளைத் திறந்து பாலிதீன் உறைகளை அகற்றிவிடுகின்றனர். மருமகள் ஊரிலிருந்து கட்டிவந்த இட்லிப் பொடி காகிதத்திற்கு மாறிற்று. நுழைவுக் கட்டணமோ உள்நாட்டாருக்கு ஒன்று, அயல்நாட்டாருக்கு அதைவிடப் பன்மடங்கு. மகன் ஐந்து கடவுச்சீட்டுகளையும் நீட்டினார். அம்மாயியின் சீட்டில் பிறந்த இடம் இலங்கை என்றே அச்சாகியிருந்தது. ஆனால் கட்டணத்தைத் தீர்மானிப்பது குடியுரிமையே அன்றிப் பிறப்பன்று. அலுவலர் மீது குறை சொல்வதற்கில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் 1964 அக்டோபர் முதல் அத்தீவிலேயே வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை அளித்தது. கப்பலேறியவர் அக்கணக்கில் சேரார். அம்மாயி ஒரு சொல்லும் பேசவில்லை. கட்டணத் தொகையை மட்டும் இருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் நடை. கொழுந்துக் கூடை சுமந்த கால்கள் முன்னே சென்றன. கோயம்புத்தூரில் வளர்ந்த மருமகளே பின்தங்கினார். புல்வெளியும் மடுக்களில் ஒதுங்கிய குறுங்காடும் நீலகிரியின் சோலைகளையே ஒத்திருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கை மலைகளும் உயிரினச் செழுமையில் ஒரே வட்டாரம் என்று அறிஞர் கணிப்பதில் வியப்பில்லை. உலக முடிவு எனப்படும் விளிம்பில் நிலம் ஏறத்தாழ 870 மீட்டர் செங்குத்தாக வீழ்கின்றது. பத்து மணியளவில் மூடுபனி ஏறிவிடும். அதற்குமுன் சென்றமையால் அடிவாரத்துத் தேயிலைத் தோட்டம் தெரிந்தது. பிள்ளைகள் ஆழத்தைக் கண்டு அஞ்சினர். அம்மாயி தகரக்கூரைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மீண்டும் பட்டிப்பொலவில் நண்பகல் உணவு. சோறு, லீக்ஸ் பொரியல், பலாப்பிஞ்சுக் கறி. கடைசியில் மண்சட்டியிலே எருமைத் தயிர். அதன்மேல் கித்துள் பாணி, அதாவது கூந்தற்பனையின் பதநீரைக் காய்ச்சிய கரிய பாகு. தயிரில் உப்பும் ஊறுகாயும் அன்றி வேறறியாத மருமகளுக்கு இதுவே அன்றைய பெருஞ்சோதனை. கண்ணை மூடி ஒரு கரண்டி உண்டார். பிறகு சட்டியைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

மாலையில் அட்டனுக்கு வண்டி. தோட்டத்தைக் காண்பது மறுநாளைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. பெட்டிக்குள் வடைக்காரர் வந்தார். பருப்பு வடைமேல் முழு இறால்கள் ஓட்டோடு பதிந்திருந்தன. இப்போது பிள்ளைகள் யாரையும் கேளாமலே கை நீட்டினர். தலவாக்கலை கழிந்தது, கொட்டகலை கழிந்தது. திடீரென்று இருள் சூழ்ந்தது. பேத்தி அம்மாயியின் கையைப் பற்றினாள்.

"சிங்கமலைச் சுரங்கம்," என்றார் அம்மாயி. "வெளிச்சம் வந்ததும் அட்டன். பையை எடுத்து வையுங்கள்."