கடற்கரைக் கட்டடத்தில் கடலோடிக்கும் கல்தச்சனுக்கும் இடம் வேண்டும்!

(கொட்டாரம் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



இங்க பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல கன்னியாகுமரி. கடல் நடுவே பாறையில 133 அடி உயரத்துல ஐயன் வள்ளுவர் நிற்கிறார். பீடம் 38 அடி, அது அறத்துப்பால். சிலை 95 அடி, அது பொருளும் இன்பமும். கணபதி ஸ்தபதி தலைமையில கல்லோடு கல் அடுக்கி எழுப்பி, 2000 ஜனவரி 1 அன்று திறந்தாங்க. 2004 டிசம்பர் 26-ல சுனாமி வந்தது. மணக்குடி பாலத்தையே பிய்ச்சு எறிஞ்ச அலை அது. வள்ளுவர் அசையல!

ஆனா நம்ம ஜனம்? குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடின்னு குடும்பம் குடும்பமா பறிகொடுத்தோம். அந்த நினைவா கன்னியாகுமரி கரையில 16 அடி எஃகுச் சிற்பம் இருக்கு. ஒரு கை அலையைத் தடுக்குது, இன்னொரு கை விளக்கு அணையாம காக்குது. கடலுக்குப் போன மகனுக்காகக் கரையில காத்துநிற்கிற ஒவ்வொரு அம்மாவோட கையும் அதுதான்.

கடற்கரைச் சிற்பம்னா அப்படி இருக்கணும். கட்டடம் கட்டி முடிச்சு, வாசல்ல ஒரு ஃபைபர் டால்பினை நிறுத்தி செல்ஃபி எடுக்கச் சொல்றது சிற்பமா? சிமெண்ட்ல செஞ்சாலும் உப்புக்காத்துல உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சு வெடிச்சுரும். கருங்கல்தான் நிற்கும். அந்தக் கல்லைச் செதுக்கத் தெரிஞ்ச மயிலாடி நமக்குப் பக்கத்துலயே இருக்கு. புவிசார் குறியீடு வாங்கின தொழில் அது!

அதனால நாம கேட்பது மூணே மூணு.

ஒண்ணு: இனி கரையில எழும்புற ஒவ்வொரு அரசு மண்டபத்திலும், அருங்காட்சியகத்திலும் கட்டுமரமும் வலையும் மீனும் தூணிலேயும் சுவரிலேயும் வரணும். வரைபடம் போடும்போதே கடலோர மக்களைக் கூப்பிட்டுக் கேட்கணும்.

ரெண்டு: அந்த வேலை மயிலாடி சிற்பிகளுக்குக் கிடைக்கணும். கல்தூசி நுரையீரலை அரிக்காம இருக்க முகக்கவசம், தூசி உறிஞ்சும் இயந்திரம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதப்படணும்.

மூணு: திறந்து வைச்சவர் பேரு கல்வெட்டுல வருதே, செதுக்கினவர் பேரும் அதே கல்லுல வரணும்!

இது சலுகை இல்ல தோழர்களே, உழைப்புக்கான மரியாதை. கடலோடியும் கல்தச்சனும் சேர்ந்து நின்னா இந்தக் கோரிக்கை ஜெயிக்கும். படிச்சவங்க பகிருங்க, மயிலாடிக்கும் மணக்குடிக்கும் கொண்டு சேருங்க.



#கடலுக்கும்_கல்லுக்கும்_மரியாதை