புயற்காலமும் இல்லத்தின் அமானிதமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பிக்கின்றேன்.





சோளகம் ஓய்ந்து வாடை கிளம்பும் காலம் வந்துவிட்டால் நமது தீவகத்து மக்களின் கண்கள் வானத்தை நோக்கும். கார்த்திகை, மார்கழி ஆகிய இரு மாதங்களும் வங்காள விரிகுடாவின் புயற்காலமாகும். சரவணை, வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு என்று எங்கு வாழ்பவராயினும் நம்மைச் சூழ்ந்திருப்பது கடலே. ஆகவே இன்றைய உரையில், புயல் வருமுன் ஒரு முஸ்லிம் தன் இல்லத்துக்குச் செய்ய வேண்டிய கடமையைப் பற்றிச் சிந்திப்போம்.

கருமேகத்தைக் கண்டால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும் என்றும், உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருப்பார்கள் என்றும், மழை பொழிந்த பின்னரே அந்தக் கவலை நீங்கும் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஆது சமூகத்தினர் தம்மை அழிக்க வந்த மேகத்தைக் கண்டு, மழை தரும் மேகம் என்று மகிழ்ந்ததை நபியவர்கள் நினைவுகூர்ந்தார்கள். இறைவனுக்கு மிக நெருக்கமான அத்தூதரே அலட்சியமாக இருக்கவில்லை. நம்மிலோ சிலர், “அல்லாஹ் நாடியது நடக்கும்” என்று கூறிவிட்டு, கூரைத் தகரத்தின் கழன்ற ஆணியைக் கூட அடிக்காமல் இருக்கின்றனர். அந்தச் சொல் ஈமானின் சொல். அதைச் சோம்பலுக்குப் போர்வையாக்குவது தகுமா?

யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். பஞ்சம் வரும் என்பதை அல்லாஹ்வே அவர்களுக்கு அறிவித்தான். என்றாலும் அவர்கள் கைகட்டி அமர்ந்திருக்கவில்லை. ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் செய்தார்கள். தவக்குல் என்பதன் பொருளை விளக்க இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நமக்கும் முன்னறிவிப்புகள் கிடைத்தே வந்திருக்கின்றன. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள தனுஷ்கோடியைப் புயலும் கடலும் சேர்ந்து அழித்தன. பயணிகளோடு வந்த புகையிரதமும் அலைக்கு இரையானது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்புப் பகுதி சிதைந்தது. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை யாழ்ப்பாணக் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலோ நாடெங்கும் அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது.

அப்படியாயின் செய்ய வேண்டியவை யாவை? வீட்டின் மேல் சாய்ந்திருக்கும் தென்னையையும் முருங்கைக் கொப்பையும் மழைக்கு முன்பே வெட்டுங்கள். தகரத்தையும் ஓட்டையும் இறுக்கிக் கட்டுங்கள். முற்றத்தில் கிடக்கும் பழைய தகரத் துண்டு புயற்காற்றில் வாளாக மாறும். அதை உள்ளே எடுத்து வையுங்கள். தீவகத்தில் நல்ல தண்ணீரின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. கடல்நீர் புகுந்தால் கிணறு உவராகும்; வெள்ளம் புகுந்தால் அழுக்காகும். குடிநீரை முன்கூட்டியே மூடியுள்ள பாத்திரங்களில் நிரப்பி வையுங்கள். இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறு நபியவர்கள் பணித்திருப்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. வெள்ளம் வடிந்த பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக் குளோரின் இடாமல் கிணற்று நீரைப் பருகாதீர்கள். கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானிலிருந்து படகு ஓடாது. ஆதலால் அரிசி, பருப்பு, குழந்தைக்குப் பால்மா, பெரியவர்களின் மருந்து ஆகியவை ஒரு வாரத்துக்காவது கையிலிருக்கட்டும். வீட்டில் இன்சுலின் ஏற்றுபவர் இருந்தால், குளிர்சாதனப் பெட்டி நின்றுபோனால் மருந்தை எப்படிக் காப்பது என்று வைத்தியரிடம் இன்றே கேட்டு வையுங்கள்.

இன்னொன்றையும் பெற்றோருக்கு அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் எடுக்க வழியின்றிப் போனவர்கள் எத்தனை பேர்! புத்தளத்து முகாம்களில் ஆண்டுகளைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள், சொந்த நிலத்தைத் தமது நிலம் என்று நிறுவ அலைந்த துயரை நாம் அறிவோம். அது மனிதரால் வந்த புயல். வானத்துப் புயலும் அதே கடதாசிகளைத்தான் கொண்டுபோகும். உறுதி, அடையாள அட்டை, நிக்காஹ் பதிவு, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ் ஆகியவற்றைத் தடித்த பொலித்தீனில் சுற்றி, கையில் தூக்கக்கூடிய ஒரே பையில் இடுங்கள். பிரதியொன்றை வேறூரில் வாழும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

இனி இருளைப் பற்றிப் பேசுவோம். மின்சாரமற்ற இரவு இப்பகுதி மக்களுக்குப் புதியதன்று. யுத்த காலத்தில் ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிப் படித்த தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்ததை இன்றைய இளைஞர்களும் அறிவர். மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு எரிந்துபோனது. அச்செய்தி எட்டியதும், நெருப்பு மனிதருக்குப் பகை என்றும் உறங்குமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் நபியவர்கள் பணித்தார்கள். எலியொன்று திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்று காரணமும் கூறினார்கள். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் எலியையும் திரியையும் கருதிய மார்க்கம் இது! நுளம்பு வலைக்கு அருகில் மெழுகுதிரியை வைத்துவிட்டு உறங்கும் தாய்மார்கள் இதைச் செவிமடுக்க வேண்டும். மின்பிறப்பாக்கியை ஒருபோதும் வீட்டுக்குள் இயக்காதீர்கள். அதன் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு மணமில்லை, உறங்குபவர் விழிக்கமாட்டார். அறுந்து விழுந்த கம்பியை அணுகவும் வேண்டாம், தடியால் தள்ளவும் வேண்டாம். கைவிளக்கும் பற்றரியில் இயங்கும் சிறு வானொலியும் வீட்டில் இருக்கட்டும். தொலைபேசியை முன்கூட்டியே மின்னேற்றி, விளையாட்டுக்கு அல்லாமல் அவசரத்துக்கு வைத்திருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இளைஞர்களே, இது உங்களுக்கு. 2024 நவம்பர் 26ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில், மழை விடுமுறையில் வீடு திரும்பிய மத்ரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. சிறுவர்கள் பலர் உயிரிழந்தனர். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. எவரையும் குறைகூற இதைச் சொல்லவில்லை. வீதியின் மேல் ஓடும் நீர், பார்வைக்கு முழங்கால் அளவாயினும், வாகனத்தையே புரட்டக்கூடியது. கடும் மழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில், தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்கும் இடத்தில் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று கூறுமாறு முஅத்தினுக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கட்டளையிட்டார்கள். மக்கள் வியந்தபோது, தம்மைவிடச் சிறந்தவரான நபியவர்களே அவ்வாறு செய்தார்கள் என்றார்கள். மக்கள் சேற்றில் வழுக்கி நடந்து வருவதைக்கூட அவர்கள் விரும்பவில்லை. ஜும்ஆவுக்கே இந்தச் சலுகை உண்டென்றால், வெள்ளம் பார்க்கவும் படம் பிடிக்கவும் பாலத்தடிக்கு ஓடுவதற்கு என்ன நியாயம் உண்டு? காற்று திடீரென்று அடங்கினாலும் வெளியே வராதீர்கள். புயலின் கண் கடக்கும் வேளை அது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும்.

உங்கள் இளமைக்கு வேலை புயலுக்கு முன்பே உண்டு. தீவகத்தில் பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, தனித்து வாழும் முதியோர் வீட்டுக்கு வீடு இருக்கின்றனர். அண்டைவீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் இடைவிடாது உபதேசித்ததால், அவரை வாரிசாக்கி விடுவார்களோ என்று நபியவர்கள் எண்ணினார்கள். அந்த அண்டைவீட்டார் இந்துவா, கத்தோலிக்கரா, முஸ்லிமா என்ற பேதம் அதில் இல்லை. எச்சரிக்கை வந்த அன்று பின்னேரமே அந்த ஐயாவின், அம்மாவின் படலையைத் தட்டுங்கள். கூரையைப் பாருங்கள், தண்ணீர் அள்ளிக் கொடுங்கள், மருந்து தீர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். பாதுகாப்பான பாடசாலைக்கோ பள்ளிவாசலுக்கோ போக வேண்டி வந்தால் யார் அவர்களைக் கைபிடித்து அழைத்து வருவது என்பதை அப்போதே பேசி வைத்துவிட்டு வீடு திரும்புங்கள்.