கண்ணுக்கும் பிறசர் உண்டு



எங்கள் முதியவர்களுக்கு மொழிபெயர்க்க நான் கண் வைத்தியரிடம் கூடப் போவதுண்டு. அங்கே அடிக்கடி கேட்கும் கேள்வி: "பிறசர் குளிசை ஒழுங்காய் எடுக்கிறன்தானே தம்பி, பிறகேன் கண்ணிலை பிறசர்?"

இரண்டும் வேறு. கண்ணுக்குள் ஊறும் நீர், கதிராளியின் ஓரத்து மூலையால் வடிந்து போகிறது. ஐரோப்பியரைவிட ஆசிய இனத்தவரான எங்களில் கூடுதலானோருக்கு அந்த மூலை ஒடுக்கம். வயது போக வில்லை தடித்துக் கதிராளியை முன்னே தள்ளும். நீர் தேங்கி அழுத்தம் ஏறும். இதுதான் மூலை அடைபடும் குளுக்கோமா.

வழமையான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீற்றர். திடீரென அடைபட்டால் 50ஐயும் தாண்டலாம்: கடும் தலையிடி, சத்தி, சிவந்த கண், லைற்றைச் சுற்றி வானவில் வளையம். பித்தம் என்று தேசிக்காய்த் தண்ணி குடித்துப் படுக்கிற விஷயம் இல்லை இது. உடனே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். பலருக்கோ நோவே இராது. ஓரப் பார்வை சத்தமில்லாமல் குறையும்.

லேசரால் கதிராளியில் சின்னத் துளை போடுவார்கள். "லேசர் அடிச்சாச்சு, இனித் துளிமருந்து ஏன்?" என்று நிறுத்துபவர்களுக்காகத்தான் இன்று முக்கியமாகக் கதைக்கிறேன். வேலூரில் மூலை அடைபட்ட 28 பேரை ஐந்து வருடங்களின் பின் பார்த்த ஆய்வு 2003 இல் வெளிவந்தது. லேசரை மறுத்த 19 பேரில் 7 பேருக்கு நோய் முற்றி நரம்பு பழுதாகியிருந்தது. லேசர் செய்த 9 பேரிலும் ஒருவருக்கு அப்படியே. சிறிய ஆய்வுதான், ஆனால் எங்கள் ஆட்களின் கண்கள்.

கண் நரம்பில் ஏறக்குறையப் பத்து இலட்சம் இழைகள். செத்த இழை திரும்ப முளைக்காது. நரம்பு நன்றாயிருப்பவருக்கு 18 போதும். ஏற்கெனவே பழுதானவருக்கு அதுவே கூடிப்போகலாம். "என் கண்ணுக்கு எத்தனைக்குள் இருக்கவேண்டும்?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். அழுத்தம் நன்றாக ஏறிய, 50 வயது கடந்தவர்களுக்கு, கற்ராக் இல்லாவிட்டாலும் வில்லையை மாற்றுவது லேசரைவிடப் பலன் தந்ததாக 2016 இல் ஓர் ஆய்வு காட்டியது. அதையும் கேட்கலாம்.

கியூபெக்கில் 65 வயதிலிருந்து ஒப்டோமெட்றிஸ்ட் பரிசோதனைக்குச் சூரியன் காட் போதும். 18 முதல் 64 வரை பெரும்பாலானோர் கையால் கட்டவேண்டும். மூலையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இது கூடப்பிறந்தவர்களுக்கும் வரக்கூடியது. எங்கள் சகோதரங்கள் யாழ்ப்பாணத்தில், சென்னையில், பாரிசில், ரொறன்ரோவில். உங்களுக்கு இந்த நோய் என்றால், இந்தக் கிழமையே ரெலிபோன் எடுத்து அவர்களையும் கண் காட்டச் சொல்லுங்கள்.