எந்தக் கையால் கதவைத் திறக்கிறீர்கள்?

சைக்கிளில் போகிறவர் எதிரே வருகிற பஸ்ஸுக்குத்தான் பயப்படுவார். ஆனால் ஓரமாகச் சும்மா நிற்கிற காரும் ஆளைக் கவிழ்த்துவிடும். கதவு திடீரென்று திறக்கும். மோதினால் நடுரோட்டில் போய் விழ வேண்டியதுதான்.

இதற்கு நெதர்லாந்தில் ஒரு எளிய வழி உண்டு. கதவை ஒட்டிய கையால் திறக்காமல், மறு கையால் திறப்பது. நம் ஊர் டிரைவருக்கு அது இடது கை. அப்படிச் செய்தால் உடம்பு தானாகத் திரும்பும். பின்னால் வருகிறவர் கண்ணில் பட்டுவிடுவார். பிரிட்டன் 2022-இல் இதைத் தன் சாலை விதிநூலிலேயே சேர்த்தது.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன்.

"அந்தக் கையில் செல்போன் இருக்கிறதே, என்ன செய்ய?" என்றார்.

"பேசி முடித்துவிட்டு இறங்குங்கள்" என்றேன்.