பெட்டி இல்லாத தேடல்: மாத்தளை

பாடசாலை விடுமுறை விட்டதும் வேன் பிடித்து மாத்தளை மாவட்டத்துக்கு வருகிற குடும்பங்களுக்கு எழுதப்படாத கால அட்டவணை ஒன்று உண்டு. விடிகாலையில் சிகிரியா, மத்தியானம் தம்புள்ளைக் குகைக்கோயில், திரும்பும் வழியில் ஏதாவதொரு வாசனைத் திரவியத் தோட்டம், இருட்டும்போது கண்டி. தம்புள்ளைக்கும் மாத்தளை நகருக்கும் இடையில் ஏ-9 வீதியில் இருக்கிற நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம் யன்னல் வழியாகவே கழிந்துவிடும். பிள்ளைகள் பின்னிருக்கையில் உறங்கியிருப்பார்கள். இந்த மாவட்டத்தை இதைவிட நன்றாகப் பார்க்க ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு உதவும் என்பது என் கட்சி. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருகிற பெட்டியை மாத்தளைக்கு வெளியே விட்டுவிட்டு, விளையாட்டின் முறையை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

விளையாட்டை அறியாத நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் சிறு பெட்டி ஒன்றை எங்கோ ஒளித்து வைத்து, அது இருக்கும் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்தில் அறிவிப்பார். மற்றவர்கள் ஜீபிஎஸ் துணையோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரும் திகதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜீபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்த காலத்தில் இது நடக்காத காரியம். நூறு மீட்டர் வரை தவறினால் எந்தப் புதரில் தேடுவது? 2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி அந்தப் பிழையை நீக்கினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரெகன் மாநிலத்தில் வாளி ஒன்றை ஒளித்து வைத்தார். அங்கிருந்து தொடங்கியது இன்று முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளாகப் பெருகியிருக்கிறது. தேடிப் போய்ப் பெயர் பதிகிற ஆசை அதைவிடப் பழையது. இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் 1854இலேயே வழிகாட்டி ஒருவர், அங்கு வரை நடந்து வருகிறவர்கள் தங்கள் அட்டையை இட்டுச் செல்ல ஒரு போத்தலை வைத்திருந்தார். இன்னும் பழைய உதாரணம் மாத்தளை மாவட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டியை ஏன் விடச் சொல்கிறேன்? ஜெர்மனியின் ஒரு பெருநகரத்துக்குள் இருக்கும் அளவுக்குக்கூட இலங்கை முழுவதிலும் பெட்டிகள் கிடையாது என்பது மேலோட்டமான காரணம். மெய்யான காரணம் இந்த மண்ணின் சூழ்நிலை. நம் நாட்டில் புதையல் தோண்டுவது ஒரு கதையல்ல, வழக்கு. பழைய விகாரை ஓரத்திலும் கற்பாறை அடியிலும் இரவில் தோண்டிப் பிடிபட்டவர்களைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அனுமதியின்றி அகழ்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. விளையாட்டின் விதியும் பெட்டியை மண்ணுக்குள் புதைப்பதைத் தடுக்கிறதுதான். ஆனால் கையில் கருவியோடு பாறை இடுக்குகளைத் துழாவும் ஒரு குடும்பத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும் கிராமத்தவருக்கு அந்த விதி தெரியுமா? ஆளில்லாமல் கிடக்கும் பொதியைக் கண்டால் பொலிசுக்கு அறிவியுங்கள் என்று பஸ்ஸிலும் புகையிரத நிலையத்திலும் கேட்டுக் கேட்டே வளர்ந்த தலைமுறை நம்முடையது; ஒளித்து வைத்த பெட்டியும் அதன் கண்ணுக்கு அப்படியொரு பொதிதான். மூன்றாவது காரணம் உயிருள்ளது. ரிவஸ்டன் மலையைத் தாண்டிய பிட்டவல பத்தனைப் புல்வெளியில் மண் மிக மெல்லியது. கீழே தட்டையான பாறை. அந்தப் பக்கத்து ஈரப் பாறைகளின் வெடிப்புகளில், நக்கிள்ஸ் மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத தவளை இனமொன்று ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. பெட்டி இருக்குமோ என்று ஒரு கல்லைப் புரட்டினால் புரள்வது அதன் வீடு.

பெட்டியே இல்லாத ஒரு வகை இந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2004இல் அமெரிக்க நிலவியல் சங்கத்தின் துணையோடு தொடங்கிய எர்த்கேச் அது. குறித்த புள்ளிக்குப் போய், அங்கே நின்று பார்த்தால் மட்டுமே விடை தெரிகிற கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். எதையும் வைக்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். பயணத்துக்கு முன் ஜியோகேச்சிங் செயலியின் வரைபடத்தில் மாத்தளைப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். போதாவிட்டால் அதே மாதிரியில் பெற்றோரே புள்ளிகளையும் கேள்விகளையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளலாம். அதற்கு இந்த மாவட்டத்தைப் போல வாய்த்த இடம் அரிது. மாத்தளை நகரம், அலுவிகாரை, நாலந்தா, தம்புள்ளைக் குகைக்கோயில் நான்கும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில், கிழக்கே 80 பாகை 37 கலைக்கும் 39 கலைக்கும் இடையில் அடங்கிவிடுகின்றன. மாத்தளையிலிருந்து வடக்கே போகப் போகக் கைபேசியில் நெடுங்கோடு அசையாத மாதிரியே இருக்க, அகலக்கோடு மட்டும் 7 பாகை 28 கலையிலிருந்து 51 கலை வரை ஏறும். ஒரு கலை என்பது தரையில் ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் என்று தெரிந்த பிள்ளை, வரைபடம் இல்லாமலே அடுத்த இடம் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடும். பின்னிருக்கை உறக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

முதல் புள்ளியை மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோவில் கோபுர வாசலில் வைக்கலாம். மாசிமகத்தில் ஐந்து தேர்கள் ஓடுகிற வீதி அது. ஆனால் கேள்வியை வீதியைப் பற்றியே கேட்பது நல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையைத் தொட்டு மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் கொள்ளைநோயிலும் பசியிலும் விழுந்தவர்கள் பலர். மலையகத்துப் பிள்ளைகள் வேனில் வடக்கே போகும்போது பார்க்கிற ஒவ்வொரு கலையும் அவர்களுடைய முன்னோர் தெற்கு நோக்கி நடந்த தூரம். மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தால் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு எத்தனை மணி நேரம்? கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். மாத்தளை நகரிலிருந்து மூன்று கிலோமீட்டரில் அலுவிகாரை. பாளி மொழித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்ட இடம் என்பது மரபு. 1848 கிளர்ச்சியில் அங்கிருந்த நூலகம் அழிந்தது. வருகிறவர்களுக்கு ஓலையில் எழுதிக் காட்டுவார்கள். எழுத்தாணி கீறிச் செல்லும்போது எழுத்து கண்ணுக்குப் படாது, வெறும் கோடுதான். கரியும் எண்ணெயும் தேய்த்துத் துணியால் துடைத்த பிறகே கறுப்பாய் எழும்பும். இந்த வரிசையைப் பிள்ளை கவனித்து எழுதினால் அந்தப் புள்ளி கண்டுபிடிக்கப்பட்டதாகக் கொள்ளலாம்.

நாலந்தாவில்தான் இந்த முறை தன் முழு வலிமையைக் காட்டுகிறது. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் கட்டப்பட்ட கெடிகே என்ற கற்கோயில் அங்கே இருக்கிறது. வழிபாடு பௌத்தம், கட்டுமானம் பல்லவம். மாமல்லபுரம் பார்த்தவர்களுக்கு அந்த முன்மண்டபமும் சிகரமும் அந்நியமாகத் தோன்றாது. சிகரத்தில் குதிரைலாட வடிவக் கூடுகளைத் தேடச் சொல்லுங்கள். தென்பக்கத்துக் கூட்டுக்குள் இருப்பவர் குபேரன் என்பார்கள். புதையல் தேடி வந்தவர்களுக்குப் பொருத்தமான ஆள்! அதைவிட முக்கியமானது, இந்தக் கோயில் இடம் பெயர்ந்தது. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீர் சூழும் என்று கண்டு, 1970களில் கல் கல்லாகக் கழற்றி, மேடு எழுப்பி, பின்னர் அதன் மேல் மறுபடி கோர்த்து நிறுத்தினார்கள். கோயில் அதேதான், அதன் எண்கள் வேறு. இடம் என்றால் கட்டடமா, அது நின்ற தரையா என்று பத்து வயதுப் பிள்ளை கேட்கத் தொடங்கிவிடும். பெற்றோர் பதில் தயாராக வைத்திருக்கத் தேவையில்லை. இலங்கையின் நடுப்புள்ளி இந்தச் சுற்றுவட்டாரம் என்றும் சொல்வார்கள். அதையும் சோதிக்கலாம். பருத்தித்துறை முனை 9 பாகை 50 கலை, தெற்கே தேவேந்திரமுனை 5 பாகை 55 கலை. கூட்டி இரண்டால் வகுத்தால் 7 பாகை 52 கலை வருகிறது. அது நாலந்தா அல்ல, தம்புள்ளையின் அகலக்கோடு. நாலந்தாவோ 7 பாகை 40 கலை. யார் சொன்னது பிழை? ஒருவருமில்லை. தீவு மாங்காய் போலத் தெற்கே பருத்தது. இரு முனைகளுக்கு நடுவே பார்த்தால் ஒரு புள்ளி, நிலப்பரப்பின் எடைக்கு நடுவே பார்த்தால் அதற்குத் தெற்கே வேறொரு புள்ளி. பாடப்புத்தகத்தில் படித்திருந்தால் கொட்டாவி வந்திருக்கும் விஷயம் இது.

தம்புள்ளையை விரைந்து கடக்கிறேன்; குகைக்குள் பாறைக் கூரை செயற்கைக்கோளை மறைப்பதால் ஜீபிஎஸ் அங்கே வேலைக்காகாது, அதுவே ஒரு பாடம். சிகிரியாவில் நிற்க வேண்டும். அந்தப் பாறை அணைந்த எரிமலையின் குழாயில் உறைந்த குழம்பு என்று எத்தனையோ சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுகின்றன. நிலவியலாளர் சொல்வது வேறு: பல நூறு மில்லியன் ஆண்டுகளாகச் சுற்றிலும் அரிந்து போக, எஞ்சி நிற்கும் பழைய உருமாறிய பாறை. படியேறும்போது பாறையில் வெளிறியும் கறுத்தும் ஓடும் பட்டைகளைப் பிள்ளைகள் தேடட்டும். எது நம்பத்தக்கது என்று தீர்மானிக்கக் கண்ணுக்கு அவ்வளவு ஆதாரம் போதும். முன்பே சொன்ன பழைய உதாரணம் இங்கேதான். மன்னன் காசியப்பனின் ஐந்தாம் நூற்றாண்டு அரண்மனை பாழான பின், ஓவியங்களைப் பார்க்க வந்தவர்கள் கண்ணாடிச் சுவர் எனப்படும் மதிலில் தங்கள் பெயரையும் ஊரையும் கவிதையையும் கீறிப் போனார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. தொல்லியலாளர் செனரத் பரணவிதான அவற்றில் 685ஐப் படித்து 1956இல் வெளியிட்டார். ஜியோகேச்சிங் குறிப்பேட்டில் எழுதுவதும் இதுதான்: இன்னார் வந்தோம், பார்த்தோம். இந்த ஆசை இயல்பானது என்பதால்தான் ஒரு கொப்பி அவசியம் என்கிறேன். 2015இல் அந்தச் சுவரில் தன் பெயரைக் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் ஜனாதிபதியின் மன்னிப்பால் விடுதலை கிடைத்தது. பெயர் எழுத வேறு இடம் கொடுத்தால் பிள்ளையின் கை சுவருக்குப் போகாது.

இத்தனைக்கும் மறுப்புகள் இருக்கின்றன. பிள்ளைகள் ஏற்கெனவே கைபேசியைப் பார்த்தபடிதான் இருக்கிறார்கள், சுற்றுலாவிலும் அதுவா என்பார்கள். நியாயமான பயம். ஆனால் இங்கே கைபேசி புள்ளி வரைக்கும்தான் கொண்டுபோகும். திறந்த வெளியில் சில மீட்டர் பிழை, சிகிரியாவின் செங்குத்துச் சுவர் ஓரத்திலும் நக்கிள்ஸ் மரநிழலிலும் இன்னும் அதிகம். கடைசிப் பத்து மீட்டரைக் கண்தான் தேட வேண்டும். கோயிலும் விகாரையும் விளையாட்டு மைதானமா என்று கேட்பவர்களுக்கு, புள்ளியை எப்போதும் வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். உள்ளே போனால் செருப்பைக் கழற்றி, தோளை மூடி, புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காமல் நடப்பது எல்லோருக்கும் உள்ள முறை. பரிசு இல்லாத தேடலில் சிறுவர்கள் சலித்துப்போவார்கள் என்பது வலுவான மறுப்பு. வெளிநாட்டுப் பெட்டிகளைத் திறந்தாலும் உள்ளே இருப்பது சாவிக்கொத்தும் பிளாஸ்டிக் பொம்மையும்தான்; ஆனாலும் ஏழு வயதுக்கு அதுவும் பொக்கிஷம். ஆகவே புள்ளி ஒன்றுக்கு ஒரு முத்திரை, ஐந்து முத்திரைக்குத் தம்புள்ளைச் சந்தையில் அவர்கள் கேட்கும் பழம் என்று வைத்துக்கொண்டால் போதும். இதில் இலஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கிறதுதான்.

ரிவஸ்டன் பக்கம் போவதானால் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பிறகு போங்கள். அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ எடுத்துக்கொள்ளுங்கள், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், அங்கே சமிக்ஞை விட்டுவிட்டு வரும். சிகிரியாவில் குளவிக்கூடு பற்றிய எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் சத்தத்தைக் குறையுங்கள். கடைசியாக, போன இடத்தில் நாமே ஒரு பெட்டி வைத்துவிட்டு வரலாமே என்ற யோசனை சிலருக்கு வரும். விளையாட்டின் விதி அதை ஏற்பதில்லை: வைத்தவர் அடிக்கடி வந்து பார்த்துப் பராமரிக்கக்கூடியவராக இருக்க வேண்டும், நிலத்துக்கு உரியவரின் அனுமதியும் வேண்டும். விடுமுறைக்கு வந்து போகிறவரால் இரண்டும் முடியாது. மாத்தளையில் வாழ்பவர்களால், முக்கியமாக அங்குள்ள பாடசாலைகளின் புவியியல் ஆசிரியர்களால், முடியும். பிட்டவல பத்தனையின் தட்டைப் பாறைக்கும் மாத்தளைச் சுண்ணாம்புக்கல்லுக்கும் வனத் திணைக்களத்திடமோ நில உரிமையாளரிடமோ அனுமதி பெற்று எர்த்கேச் குறிப்பு எழுதலாம். அந்தக் குறிப்பு உள்ளூர் மக்களின் மொழியில் இருக்க வேண்டும் என்றே எர்த்கேச் விதி கேட்கிறது, அதாவது மாத்தளையில் சிங்களத்திலும் தமிழிலும்.