கோஸ்தான் பழகும் பிள்ளைகள்
(கிள்ளானில் ஆற்றிய உரை)



கிள்ளானைச் சுற்றியிருந்த பால்மரக் காடுகள் பல இன்று வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. நம் பிள்ளைகள் துறைமுகச் சாலைக்குப் போய்விட்டார்கள். 1901-ல் திறந்து, 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய அந்தத் துறைமுகத்துக்கு, முன்பு நாம் ரப்பர் கட்டுகளை அனுப்பினோம். இன்று 40 அடி கண்டெய்னரை இழுக்கும் டிரெய்லர் ஓட்டப் பிள்ளைகளையே அனுப்புகிறோம்.

21 வயது நிறைந்தால் ஈ லைசென்ஸ் எடுக்கலாம். சரக்கேற்றி ஓட்ட ஜிடிஎல் லைசென்சும் வேண்டும். லைசென்ஸ் கைக்கு வந்ததும் வேலை தெரிந்துவிட்டது என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். முன்னே ஓட்ட யாரும் பழகிவிடலாம். கோஸ்தான் அடிப்பதில்தான் ஆளைத் தெரியும்! (இந்தச் சொல்லே கப்பல்காரர்களின் 'கோ ஆஸ்டர்ன்' என்பதிலிருந்து வந்ததாம். துறைமுகம் நமக்குக் கொடுத்த சொல்.)

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் சண்டிங் வேலையைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் பின்னுக்குத் தள்ளினால் வேகன் தண்டவாளம் போன வழியே போகும். டிரெய்லருக்குத் தண்டவாளம் ஏது? நடுவில் ஓர் இணைப்பு மட்டுமே. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் லோரியின் பின்புறம் வலப்பக்கம் போய் இணைப்பைத் தள்ளும். டிரெய்லரின் வால் இடப்பக்கம் வளையும். இடப்பக்கம் திருப்பினால் வால் வலப்பக்கம். புதிதாகப் பழகுகிறவன் திகைத்துப்போவது இங்கேதான். அவனுக்கு ஒரு வழி சொல்வோம்: கையை ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் வை. வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. வால் வளைந்தவுடன் மறுபக்கம் திருப்பி, லோரியை அதன் பின்னே போகவிடு. தாமதித்தால் லோரியும் டிரெய்லரும் மடக்குக்கத்தி போல் மடங்கிவிடும். பிறகு எவ்வளவு திருப்பியும் பயனில்லை. முன்னே இழுத்து நேராக்கித்தான் மறுபடி தொடங்க வேண்டும். அதில் வெட்கமில்லை.

தோட்டத்தில் டிராக்டரோடு பால் டாங்கி இழுத்த அண்ணன்மார்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். ஆனால் குட்டை டிரெய்லர் சட்டென்று வளையும். நீண்டது மெதுவாக வளையும். டாங்கி இழுத்த கை இதற்கும் கொஞ்சம் பழகவேண்டும்.

நம் நாட்டில் டிரைவர் இருக்கை வலப்புறம். வலப்பக்கம் வளைத்துப் பின்னே போனால் சன்னல் வழியே வால் தெரியும். இடப்பக்கம் வளைத்தால் அந்தப் பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் சுவர்தான் தெரியும். அதற்குப் பின்னே என்ன இருக்கிறது, யார் நிற்கிறார் என்பது தெரியாது. ஆகவே கூடியவரை வலப்பக்கம் வளையும்படி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பின்னுக்கு எடுக்குமுன் இறங்கி, சுற்றிப் பார்க்க வேண்டும்.

இறங்கிப் பார் என்று நாம் சொல்லிவிடுகிறோம். டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குகிறவன் எப்படி இறங்குவான்? இறங்கும் ஒவ்வொரு நிமிடமும் அவன் கைக்காசு. உதவியாளைக் குறைத்து ஒருவனையே அனுப்பும் முதலாளிகளும் உண்டு. இருட்டில், மழையில், கிடங்கு வாசலில் பின்னே நிற்கிறவனும் ஒரு தொழிலாளிதான். விபத்து நடந்தால் டிரைவர் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆகவே இரண்டைக் கேட்போம்: கிடங்கில் பின்னுக்கு எடுக்கும் நேரத்துக்கும் கூலி, ஒவ்வொரு வண்டிக்கும் வழிகாட்ட ஓர் ஆள். அந்த ஆள் கண்ணாடியில் மறைந்தால், அவர் மீண்டும் தெரியும்வரை டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கக்கூடாது.